ஏரோ பைக்கா, எடை குறைஞ்ச பைக்கா? ஈசிஆர்ல ஓட்டுறவங்க சொல்லுங்க

முட்டுக்காடு_விடியல்:

எல்லாருக்கும் வணக்கம். அலுமினிய எண்டூரன்ஸ் பைக்ல இத்தனை வருஷம் ஓட்டியாச்சு. இப்ப ஒரு கார்பன் ரோடு பைக் வாங்கப் போறேன். வாங்கினா ஏழெட்டு வருஷம் மாத்துற எண்ணம் இல்ல, அதனால நிதானமா விசாரிச்சு வாங்கணும்னு பாக்குறேன்.

கடைசியா ரெண்டுல வந்து நிக்குது. ஒண்ணு முழு ஏரோ, அதாவது காத்து தடுக்காம போற வடிவம்: பட்டையான குழாய்கள், 60 மி.மீ. ஆழ ரிம், ஹேண்டில்பாரும் அதை ஃபோர்க்கோட இணைக்கிற ஸ்டெம்மும் ஒரே துண்டு, எடை 8.3 கிலோ. இன்னொண்ணு மலைக்குன்னே செஞ்ச மாதிரி லேசான ஃபிரேம், 33 மி.மீ. ரிம், 7.3 கிலோ. விலை ஏறக்குறைய ஒண்ணுதான்.

என் எடை 72 கிலோ. வார நாள்ல விடியக்காலை தனியா திருவான்மியூர்லேருந்து கோவளம் வரைக்கும். ஞாயித்துக்கிழமை க்ரூப்போட மகாபலிபுரம். தனியா போனா 30 கி.மீ. வேகம், க்ரூப்ல 35. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற பவர் 200 வாட் பக்கம். வருஷத்துல சில தடவை ஏற்காடு, கொல்லிமலை உண்டு.

ஏரோ ஃபிரேம் 20 வாட் மிச்சம் பிடிக்கும்னு விளம்பரத்துல இருக்கு. என் வேகத்துக்கு அது கிடைக்குமா? மலைல அந்த ஒரு கிலோ எவ்வளவு வலிக்கும்?

—

கணக்கு_வாத்தியார்:

அந்த 20 வாட் எந்த வேகத்தில் அளந்தது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மணிக்கு 45 கி.மீ. என்று சின்ன எழுத்தில் இருக்கும். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்லத் தேவையான பவர் மும்மடியாக ஏறும். ஆகவே 45-இல் 20 வாட் என்றால் 35-இல் அது 9 வாட் சொச்சம், 30-இல் 6 வாட் மட்டுமே. க்ரூப்பில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து போகும்போது இன்னும் குறையும்.

இன்னொன்று, காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு பைக்கினுடையது அல்ல, உங்கள் உடம்பினுடையது. மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுபவர்தான். பிரேக் லிவரின் மேல்பிடியான ஹூட்ஸில் கையை நீட்டி நிமிர்ந்து உட்கார்வதற்கும், முழங்கையை மடக்கி முதுகைத் தாழ்த்துவதற்கும் உள்ள வித்தியாசமே உங்கள் வேகத்தில் 10 வாட் தரும். படபடவென்று அடிக்கும் தொளதொள ஜெர்சியைக் கழற்றிவிட்டு உடம்போடு ஒட்டியதைப் போட்டாலும் சில வாட் மிச்சம்.

1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாளை நினைத்துப் பாருங்கள். வெர்சாய்லிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனிநபர் ஓட்டம். 50 நொடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், லாரன் ஃபின்யோனை முந்தி மொத்தப் பந்தயத்தையும் 8 நொடி வித்தியாசத்தில் எடுத்தார். லெமாண்டிடம் கைகளை முன்னால் குவித்து வைக்கும் நீட்டுக் கம்பியும் காற்றுக்கு ஏற்ற ஹெல்மெட்டும் இருந்தன. ஃபின்யோன் ஹெல்மெட்டே இல்லாமல் குதிரைவால் முடியோடு ஓட்டினார். இரண்டுமே உடம்பு காற்றைச் சந்திக்கும் விதம் பற்றிய வித்தியாசங்கள். ஃபிரேம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

—

பெடல்_பித்தன்:

வாத்தியார் சொன்ன மும்மடிக் கணக்கு சரி. ஆனா அதை வெச்சு "மெதுவா ஓட்டுறவனுக்கு ஏரோ வேண்டாம்"னு முடிக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. வாட்டைப் பாக்காதீங்க, நேரத்தைப் பாருங்க.

அதே 6 வாட்டை எடுத்துக்கோங்க. 30 கி.மீ. வேகத்துல போறவருக்கு அது மணிக்கு அரை கிலோமீட்டர் கூடுதல் வேகம். 40 கி.மீ. தூரத்துக்கு 80 நிமிஷம் ஆகுதுன்னா, ஒரு நிமிஷம் 20 நொடி குறையும். 45-ல போற பந்தயக்காரனுக்கு 20 வாட் மிச்சம், ஆனா அவன் 53 நிமிஷத்துல முடிச்சுடுறான். அவனுக்குக் குறையறது ஒரு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. ரோட்டுல அதிக நேரம் இருக்கிறவனுக்குத்தான் நொடி அதிகமா மிச்சமாகுது.

நான் ஏரோ பைக்தான் ஓட்டுறேன். எனக்குப் பிடிச்சது, வாங்கினேன். விடியக்காலை அக்கரை தாண்டி ரோடு காலியா இருக்கிறப்போ 60 மி.மீ. ரிம் காத்தைக் கிழிக்கிற சத்தம் ஒண்ணு வரும், அதுக்காகவே இன்னும் பத்து கிலோமீட்டர் கூடப் போவேன். பைக்கைப் பாத்தா எடுத்து ஓட்டணும்னு தோணணும். அந்த ஆசையையும் கணக்குல சேருங்க, அது சின்ன விஷயம் இல்ல.

—

கணக்கு_வாத்தியார்:

நேரக் கணக்கு சரிதான், பித்தன். நானும் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய அதே விடைதான் வருகிறது. என் வாதம் வரிசை பற்றியது. அந்த ஒரு நிமிடம் 20 நொடியை நல்ல டயர் ஒரு ஜோடியே தந்துவிடும். தடித்த, மலிவான டயருக்கும் நல்ல பந்தய டயருக்கும் உருளும் எதிர்ப்பில் 30 கி.மீ. வேகத்திலேயே 10 வாட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம். டயரை நாளை அடுத்த பைக்குக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஃபிரேமை முடியாது.

—

சேர்வராயன்_சரிவு:

சேலத்துலேருந்து எழுதுறேனுங்க. மலைக் கணக்கை நான் சொல்றேன்.

அடிவாரத்துலேருந்து ஏற்காடு ஏரி வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறணும். ஒரு கிலோவை 1,000 மீட்டர் தூக்க 9,810 ஜூல் வேணும். 200 வாட் போடுறவருக்கு அது 50 நொடி. ஆளு, பைக்கு, தண்ணி, துணி எல்லாம் சேத்து 85 கிலோன்னா மொத்தம் 80 நிமிஷம் பக்கமா ஆகும். அதுல 50 நொடிதானுங்க. இதுலயும் ஏரோ ஃபிரேம் மெதுவா ஏறும்போதுகூட கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், 15-20 நொடி. ஆக நிகர நட்டம் அரை நிமிஷம்.

எந்தச் சரிவுல ரெண்டும் சமமாகும்னும் போட்டுப் பாத்தேன். வாத்தியார் வெச்ச அதே 20 வாட், ஒரு கிலோ வித்தியாசம், 200 வாட் பவர்னா, 3 விழுக்காடு சரிவு வரைக்கும் ஏரோ முந்தும். அதுக்கு மேல லேசான பைக். 300 வாட் போடுறவருக்கு அந்த எல்லை 4 விழுக்காடு கிட்ட போயிடும். ஏற்காடு சராசரி 5 விழுக்காடு. கொல்லிமலை 70 வளைவு இன்னும் கடுசு. ஈசிஆர்ல இருக்கிற பெரிய ஏத்தம் முட்டுக்காடு பாலம்தான், அங்க ஒரு கிலோவைப் பத்திப் பேச ஒண்ணுமே இல்லீங்க.

மலையில எனக்கு எடையை விட முக்கியமா படறது கியர். பின்னாடி பெரிய பல்சக்கரத்துல 34 பல் இருக்கான்னு பாருங்க. சில ஏரோ பைக்கு முன்னாடி 52, 36 பல் சக்கரம் போட்டு பந்தயக்காரனுக்குன்னே வருது. கொல்லிமலைல நாப்பதாவது வளைவுல அது தெரியும்.

—

ஆழியாறு_எதிர்காற்று:

பொள்ளாச்சிப் பக்கம் ஓட்டுறவன். யாரும் இன்னும் காத்தைப் பத்திப் பேசலைங்களே!

எங்க ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்த வாசல். வைகாசி கடைசில தொடங்கி ஆவணி வரைக்கும் மேக்காலேருந்து காத்து நிக்காம அடிக்கும். உடுமலை, பல்லடம் பூரா காத்தாலை நிக்கிறது சும்மா இல்லை. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது எங்க பக்கத்துல நிஜமாவே பாக்கலாம்.

இதுல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். ஏரோ ஃபிரேமால பக்கக்காத்துல பெரிய பயம் கிடையாது. பயம் முன் சக்கரத்துலதான். பின் சக்கரத்து மேல உங்க எடை உக்காந்திருக்கு, அது திரும்பவும் திரும்பாது. முன் சக்கரத்தை ஸ்டியரிங் அச்சுல வெச்சுத் திருகுது காத்து. அதுவும் ஒரே சீரா அடிச்சா உடம்பு பழகிக்கும். தென்னந்தோப்பு முடிஞ்சு வெட்டவெளி வர்ற இடத்துல, எதுக்க வர்ற பஸ் தாண்டுற நொடில, திடீர்னு விட்டு விட்டு அடிக்கும் பாருங்க, அப்பத்தான் ஹேண்டில் கையை விட்டுப் பிடுங்கும்.

ரிம்மோட ஆழம் மட்டுமில்ல, வடிவமும் முக்கியம். பழைய 50 மி.மீ. ரிம் உள்பக்கம் கூரா, ஆங்கில வி எழுத்து மாதிரி இருக்கும். அது அடிக்கடி பிடுங்கும். இப்ப வர்றது அகலமா, உள்பக்கம் உருண்டையா இருக்கிறதால அதே ஆழத்துல எவ்வளவோ அமைதியா போகுது. நான் முன்னாடி 40, பின்னாடி 55 போட்டிருக்கேன். ஆடிலயும் கழட்டுறது இல்ல.

ஈசிஆர் தெக்கு வடக்கா போற ரோடு. கடல் கிழக்க. கடக்காத்துன்னாலும் நிலக்காத்துன்னாலும் உங்களுக்குப் பக்கவாட்டுலதான் வரும். விடியறதுக்கு முன்னாடி போயி வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடறீங்கன்னா பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகைல வாடைக்காத்து தொடங்கிட்டா மகாபலிபுரம் போகும்போது முதுகுல தள்ளும், திரும்பும்போது மூஞ்சில அறையும். அந்த எதிர்காத்துல ஏரோ பைக்கு உதவி செய்யும், அதையும் சொல்லிடணும். உங்க வேகம் 28-க்கு இறங்கியிருந்தாலும் மூஞ்சில படற காத்து 40-ல படும். வாத்தியார் கணக்குல அந்த வேகத்தையும் சேத்துக்கணும்.

—

மயிலை_மிதி:

நான் 50 கிலோ, உயரம் 158 செ.மீ. மேலே அண்ணா சொன்ன முன் சக்கரப் பிடுங்கல் என்னை மாதிரி எடை குறைவானவங்களுக்கு ரெண்டு மடங்கு தெரியும். 60 மி.மீ. முன் சக்கரத்தோட ஒரு தோழியோட பைக்கைக் கோவளம் கிட்ட ஓட்டிப் பார்த்தேன்; தண்ணி பாட்டில் எடுக்கவே கை வரலை.

விடியல் அண்ணா, உங்களுக்கு 72 கிலோ, அது பிரச்சினை இல்லாம போகலாம். ஆனா அந்த ஒரே துண்டு ஹேண்டில்பாரைப் பத்தி யோசியுங்க. கடையில நின்னு பார்க்கும்போது அழகா இருக்கும். ஸ்டெம் ஒரு செ.மீ. நீளமா இருக்குன்னு ரெண்டு மாசம் கழிச்சு கழுத்து வலி சொல்லும். தனி ஸ்டெம்னா கொஞ்ச காசுல மாத்திடலாம். ஒரே துண்டுல வந்தா முழுசா வேற வாங்கணும், அதுவும் நீங்க கேக்கிற அகலமும் நீளமும் சேர்ந்த அளவு இங்க ஸ்டாக்ல இருக்காது. பைக்கோட வர்றது பெரும்பாலும் ஃபிரேம் சைஸுக்குத் தகுந்த மாதிரி ஒரே அளவு. தோள் அகலம் ஆளுக்கு ஆள் மாறும்னு அதுக்குத் தெரியாது.

வாங்குறதுக்கு முன்னாடி ஃபிட்டிங், அதாவது உடம்புக்கு ஏத்த பைக் அளவு பார்க்கிறது, பண்ணிக்கோங்க. இப்ப இருக்கிற பைக்லயே பண்ணலாம். எந்த ஸ்டெம் நீளம், எந்த அகலம், ஸ்டெம்முக்கு அடில எவ்வளவு ஸ்பேசர் வளையம்னு தெரிஞ்ச பிறகு கடைக்குப் போங்க. ஹேண்டில்பாரோட கீழ் வளைவான டிராப்ஸ்ல இருபது நிமிஷம் வலி இல்லாம இருக்க முடியுதான்னும் பாருங்க. முடியலைன்னா எந்த ஃபிரேம் வாங்கியும் காத்துக்கு நெஞ்சைக் காட்டிட்டுத்தான் போவோம்.

—

குரோம்பேட்டை_ஸ்பேனர்:

சார், நான் பட்டறைக்காரன். வாட்டு, நொடி எல்லாம் நீங்க பேசிட்டீங்க. பைக் வீட்டுக்கு வந்த அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்றேன்.

இப்ப வர்ற ஏரோ பைக்ல பிரேக் ஆயில் போற குழாய், அதாவது ஹோஸ், வெளிய தெரியாது. லிவர்லேருந்து ஹேண்டில்பாருக்குள்ள போயி, ஸ்டெம் வழியா இறங்கி, ஹேண்டில் திரும்புற மூட்டான ஹெட்செட்டோட மேல் பேரிங் நடுவுல பூந்து ஃபிரேமுக்குள்ள போவும். பாக்க சுத்தமா இருக்கும். ஆனா அந்த மேல் பேரிங்தான் நம்ம ஊர்ல மொதல்ல போற சாமான். ஓட்டும்போது வேர்வை நேரா அது மேலதான் சொட்டும். அதோட கடலோரக் காத்து, மார்கழிப் பனி, மழைத்தண்ணி. வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி கிரீஸ் வெக்கலன்னா துரு பிடிச்சு ஹேண்டில் திருப்பும்போது நறநறன்னும்.

ஹோஸ் வெளிய ஓடுற பைக்ல அந்த பேரிங் மாத்த அரை மணி நேரம். உள்ள ஓடுற பைக்ல ஹோஸைக் கழட்டாம பேரிங்கை உருவ முடியாது. ஹோஸைக் கழட்டினா முனையை வெட்டணும், இணைப்பை இறுக்குற ஆலிவ் வளையம் புதுசு போடணும், ஆயில் ஊத்தி உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தணும். ரெண்டு மூணு தடவை வெட்டினா ஹோஸ் நீளம் பத்தாது, அப்புறம் முழு ஹோஸும் புதுசு. அரை நாள் வேலை, அதுக்கேத்த கூலி. ஸ்டெம் மாத்தணும்னாலும் பல பைக்ல இதே கதைதான். ரூம்ல பைக்கை நிறுத்தி மிதிக்கிற டிரெய்னர்ல மாட்டி ஓட்டுறவங்க பைக்ல இன்னும் மோசம். ஃபேன் இல்லாம ஓட்டி வேர்வை குளமா நிக்கும். டிரெய்னருக்கு அந்தப் பழைய அலுமினிய பைக்கை வெச்சுக்கோங்க, விக்காதீங்க.

கியர் எது? எலக்ட்ரானிக்னா இப்ப பெரும்பாலும் வயர்லெஸ், ஹேண்டில்பார் வழியா போறது ரெண்டு பிரேக் ஹோஸ் மட்டும். மெக்கானிக்கல் கியரா இருந்து கேபிளும் உள்ளாற போச்சுன்னா, அத்தனை வளைவுல கேபிள் உரசி கியர் மக்கர் பண்ணும். நான் அந்தக் கூட்டணியை யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சீட் போஸ்ட்டும் பாருங்க. உருண்டையா இருந்தா எந்தக் கடைலயும் கிடைக்கும். ஏரோ ஃபிரேம்ல அந்த ஃபிரேமுக்குன்னே வடிவம், உள்ள ஒரு ஆப்பு மாதிரி வெட்ஜ் இறுக்கிப் பிடிக்கும். அது சரியா இறுகலன்னா ஓடும்போது மெல்ல இறங்கும், இல்லன்னா கிரீச்சுனு கத்தும். அந்த வெட்ஜ் உடைஞ்சா கம்பெனிலேருந்து வர்ற வரைக்கும் பைக் செவுத்துல சாஞ்சுதான் இருக்கும்.

பெரிய டீமுக்கே இது நடந்திருக்கு. 2021 மார்ச்சுல பெல்ஜியத்துல லெ சாமின் பந்தயத்துல மாத்தியூ வான் டெர் போல் ஓட்டின கேன்யன் கம்பெனியோட ஏரோட் பைக்ல ஹேண்டில்பார் உடைஞ்சுது. அந்த மாடல் வாங்கின எல்லாரையும் ஓட்டாதீங்கன்னு கம்பெனியே சொல்லி, பாரை மறுபடி வடிவமைச்சுக் குடுத்தாங்க. சாதா ஹேண்டில்பாரா இருந்தா அன்னிக்கே வேற ஒண்ணு மாட்டி ஓட்டியிருக்கலாம். ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து செஞ்சதால காத்துட்டு உக்காரணும்.

—

இருநூறு_முன்னூறு:

ப்ரெவே, அதாவது கெடு நேரத்துக்குள்ள முடிக்கிற நெடுந்தூரப் பயணம், ஓட்டுறவங்களுக்காக ஒரு வரி. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிஷம், 600-க்கு 40 மணி நேரம் கெடு. லைட் மாட்ட ஏரோ ஹேண்டில்பார்ல உருண்டை இடம் இருக்காது, ஏரோ சீட் போஸ்ட்ல பை கட்ட சிரமம், சில ஃபிரேமோட கூட வர்ற தட்டை பாட்டில்ல தண்ணி கம்மி. சித்திரை வெயில்ல தண்ணி கம்மின்னா பயணமே நிக்கும். டயர் இடைவெளி 32 மி.மீ. வரைக்கும் இருக்கான்னு பாருங்க. ஈசிஆர் தவிர வேற எந்த ரோட்டுக்குப் போனாலும் அது வேணும்.

—

பழைய_இரும்பு:

இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்தாகணும்னு எதுக்கு? இந்தப் பிரிவே மறைஞ்சுட்டு வருது.

செர்வெலோ கம்பெனி 2000-களோட தொடக்கத்துல சோலோயிஸ்ட்டைக் கொண்டுவந்தப்போ பட்டைக் குழாய் ரோடு பைக்னாலே புதுமை. 2011-ல ஸ்பெஷலைஸ்டு, மெக்லாரனோட சேர்ந்து வெஞ்ச்ங்கிற ஏரோ பைக்கைக் கொண்டுவந்தாங்க. அந்தப் பத்து வருஷமும் ஏரோ ஒரு பக்கம், லேசு ஒரு பக்கம்னு ரெண்டு ரெண்டா வித்தாங்க. உலக சைக்கிள் பந்தய சங்கமான யூசிஐ 2000-லேருந்தே பந்தய பைக்குக்குக் குறைஞ்சபட்ச எடை 6.8 கிலோன்னு வெச்சிருக்கு. அந்த எடையை ஏரோ வடிவத்துலயே தொட முடிஞ்சதும் ரெண்டு பைக்குக்கான காரணம் போயிடுச்சு. 2020-ல லேசான பைக் வரிசைல டார்மாக் எஸ்எல்7 வந்தப்போ ஸ்பெஷலைஸ்டு வெஞ்சையே நிறுத்திட்டாங்க. 2024-ல ட்ரெக்கும் ஏரோ பைக்கான புது மடோன்லயே லேசான எமோண்டாவைச் சேர்த்துட்டாங்க.

ஆனா அந்த 6.8 கிலோ எல்லாம் உச்சி விலைப் பைக்ல. நடு விலைக்கு வந்தா அதே வடிவம், கனமான கார்பன், கனமான சக்கரம். 8 கிலோ சுலபமா தாண்டும். அதனால உங்க பட்ஜெட்ல கேள்வி இன்னும் இருக்கத்தான் செய்யுது.

எனக்குப் பிடிச்ச வழி நடுவுல இருக்கு. 2022-ல செர்வெலோ அதே சோலோயிஸ்ட் பேரை மறுபடி எடுத்தாங்க. குழாய் ஏரோ, ஆனா ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் தனித்தனி, ஹோஸ் பாருக்குள்ள போகாம ஸ்டெம்முக்கு அடில ஓடும். ஸ்பேனர் சொன்ன பாதி வேலை அதுல குறையும். இதே மாதிரி அமைப்பு வேற கம்பெனிகள்லயும் இருக்கு. அந்த வகைல தேடுங்க.

யாராவது செகண்ட் ஹேண்ட்ல பழைய ஏரோ பாக்குறீங்கன்னா பிரேக்கைக் குனிஞ்சு பாருங்க. ரிம் பிரேக் காலத்துல காத்துக்கு மறைக்கணும்னு பின் பிரேக்கைப் பெடல் அச்சுக்கு அடில ஒளிச்சு வெச்சாங்க, மண்ணும் தண்ணியும் அடிக்கிற இடம் அது. ஜயண்ட் ப்ரொபெல் முதல் தலைமுறைல சின்ன வி-பிரேக். 2016 மடோன்ல முன் பிரேக்குக்கு மூடித் திறக்கிற சின்னக் கதவே உண்டு. எல்லாமே அந்தந்த பைக்குக்குன்னே செஞ்சது. பாகம் கிடைக்குமான்னு உறுதி பண்ணாம கையை வெக்காதீங்க.

—

முட்டுக்காடு_விடியல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மயிலை சொன்ன மாதிரி முதல்ல ஃபிட்டிங் போய்ட்டு வந்தேன். இப்ப இருக்கிறதை விட ஸ்டெம் 10 மி.மீ. குறையணும், பார் அகலம் 40 செ.மீ. போதும்னு வந்திருக்கு. நான் பாத்து வெச்சிருந்த ஏரோ பைக்ல என் சைஸுக்கு 110 மி.மீ. ஸ்டெம், 42 பார், ஒரே துண்டு. கடைல கேட்டா மாத்தித் தர முடியாது, தனியா வாங்கிக்கோங்கன்னாங்க. அதோட அந்த பைக் முடிஞ்சுது.

லேசான பைக்கும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஏற்காட்டுல அரை நிமிஷத்துக்காக வருஷம் முழுக்க ஈசிஆர்ல காத்தோட மல்லுக்கட்ட மனசு வரலை. வாடைக்காத்துல திரும்பி வர்ற அந்தக் கடைசி இருபது கிலோமீட்டர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பழைய_இரும்பு சொன்ன வகைலயே ஒண்ணு பாத்திருக்கேன்: ஏரோ குழாய், தனி ஸ்டெம், ஹோஸ் ஸ்டெம்முக்கு அடில போகுது, 32 மி.மீ. டயர் போகும், வயர்லெஸ் கியர், பின்னாடி 34 பல். எடை 7.9. கூட வர்ற சக்கரம் சாதாரணம்தான். பொள்ளாச்சி அண்ணன் சொன்ன மாதிரி முன்னாடி 40, பின்னாடி 55 அடுத்த வருஷம். டயர் மட்டும் முதல் நாளே நல்லதா மாத்திடுறேன்.

ஸ்பேனர் அண்ணா, டெலிவரி எடுக்கும்போது கடைல என்ன கேட்டு வாங்கணும்?

—

குரோம்பேட்டை_ஸ்பேனர்:

நல்ல முடிவு சார். பில்லு போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க, பணம் கட்டின அப்புறம் அலைய விடுவாங்க. டீரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியரை ஃபிரேம்ல மாட்டுற சின்னத் துண்டு, ஒண்ணு எக்ஸ்ட்ரா. சீட் போஸ்ட் வெட்ஜ் ஒண்ணு எக்ஸ்ட்ரா. ஹெட்செட் மேல் பேரிங், கீழ் பேரிங் ரெண்டோட அளவு நம்பரையும் எழுதி வாங்குங்க; அதுல கோணமும் போட்டிருக்கும், அது இல்லாம தப்பு பேரிங் வந்துடும். ஃபோர்க் குழாயை உங்க ஃபிட்டிங் அளவுக்கு உடனே வெட்டிட வேண்டாம்னு சொல்லுங்க, மேல ரெண்டு ஸ்பேசர் விட்டு ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டு வெட்டலாம். வெட்டினா ஒட்ட முடியாது.

வண்டி வந்ததும் ஓட்டுறதுக்கு முன்னாடி பட்டறைக்குக் கொண்டாங்க. மேல் பேரிங்ல கடைக்காரன் பேருக்குத்தான் கிரீஸ் தடவியிருப்பான். நிறைய வெச்சு மூடித் தரேன், ஐப்பசி மழை முடியற வரைக்கும் தாங்கும்.